பள்ளிக்குள் உளவியல் – 11: ஆலோசகர் எங்கே உருவாகிறார்?

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றதற்குச் சான்று காட்டக்கூடிய ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்தது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த 17 வயது மாணவி ஒருவர் 2023 ஜூலையில் இறந்ததை ஒட்டி எழுந்த வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் வகுத்த 15 வழிகாட்டுதல்களில் இது ஒன்று. உரிய சட்டம் இயற்றப்படும் வரை இவை நாடு முழுவதும் சட்டத்தின் வலிமையோடு நடப்பில் இருக்கும். நூறு பேருக்குக் குறைவாகப் பயிலும் நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்பதும், மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதும், ஆசிரியரும் ஊழியரும் ஆண்டுக்கு இருமுறையேனும் இத்துறையில் பயிற்சி பெற வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

தீர்ப்பு கேட்பது ‘தகுதி பெற்ற’ ஆலோசகரை. அந்தத் தகுதி எந்தப் பட்டத்தால் வருகிறது, எத்தனை மணி நேரப் பயிற்சியால் வருகிறது, யாருடைய மேற்பார்வையில் வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமும் ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் விடப்பட்டிருக்கிறது. பள்ளி ஆலோசனை, கல்வி உளவியல் ஆகிய இரு துறைகளிலும் முதுநிலைப் பயிற்சி எவ்வாறு நடக்கிறது, அதில் எது நிரம்பியிருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்பதைத் தடா என்ற எல்லையோர ஊரை மனத்தில் வைத்து இந்தப் பகுதி ஆராய்கிறது.

தடாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்தைக் கடந்தவுடன் வரும் இந்த ஊர், நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஒருபுறம் பழவேற்காடு ஏரியும் அதை நம்பி வாழும் மீனவக் குப்பங்களும், மறுபுறம் தடா, சத்தியவேடு, வரதையபாளையம் ஆகிய மண்டலங்களில் பரந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் இருக்கின்றன. சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது ஆந்திரத்துக்குச் சென்றது. ஆகவே இங்குள்ள ஒரு வகுப்பறையில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும், தெலுங்கு பேசும் பிள்ளையும், யானாதிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளையும், வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பது இயல்பு. இந்த வகுப்பறைக்கு வரும் ஆலோசகர் எந்த மொழியில், எந்தக் கருவியைக் கொண்டு, எந்த அனுபவத்தோடு பணியைத் தொடங்குவார் என்பதே பயிற்சியைச் சோதிக்கத் தக்க கேள்வி.

முதலில் மூன்று தொழில்களைப் பிரித்து அறிய வேண்டும். பள்ளி ஆலோசகர் என்பவர் பள்ளியிலேயே இருந்து, பிள்ளைகளின் படிப்பு, உறவு, எதிர்காலத் தேர்வு, அன்றாட மனச்சுமை ஆகியவற்றில் அவர்களோடு பேசித் துணை நிற்பவர். கல்வி உளவியலாளர் என்பவர் பிள்ளை எவ்வாறு கற்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதைச் சோதனைகளாலும் வகுப்பறை உற்றுநோக்கலாலும் கண்டறிந்து, வாசிப்புக் குறைபாடு போன்ற கற்றல் இடர்ப்பாடுகளை இனங்கண்டு, ஆசிரியர் கற்பிக்கும் முறையையே மாற்ற வழி சொல்பவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் மனநோய்களைக் கணித்து, உளவியல் முறைகளால் சிகிச்சை அளிப்பவர். இவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் வகுத்த தனிப் பயிற்சியும் பதிவும் உண்டு. முதல் இரண்டு தொழில்களுக்கும் அத்தகைய தெளிவான வாயில் இந்தியாவில் இன்னும் அமையவில்லை. அதனால் இம்மூன்று பணிகளையும் ஒருவரே செய்வார் என்று பள்ளி நிருவாகங்கள் எதிர்பார்ப்பதும், செய்ய முடியாததைச் செய்யத் துணிந்து புதிதாக வந்த ஆலோசகர் தடுமாறுவதும் நேர்கின்றன.

இத்துறைகளின் தொடக்கம் மேலைநாட்டில் வெவ்வேறு வாசல்கள் வழியாக நிகழ்ந்தது. 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளுக்காக ஓர் உளவியல் மையத்தைத் திறந்தார். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார். 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் உழைக்கும் குடும்பத்து இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் அலுவலகத்தைத் தொடங்கினார். இம்மூன்றும் அளவிடுதல், வகைப்படுத்துதல், வழிகாட்டுதல் என்ற தளத்திலேயே நின்றன. 1942இல் வெளிவந்த கார்ல் ரோஜர்ஸின் நூல்தான், அறிவுரை சொல்வதைக் குறைத்து, வந்தவர் சொல்வதை அவர் நோக்கிலிருந்தே கேட்பதை ஆலோசனையின் மையமாக்கியது. சோவியத் நாடு 1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதை அடுத்து, 1958இல் அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அறிவியலில் திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டறியும் பொருட்டுப் பள்ளி ஆலோசகர் பயிற்சிக்குப் பெரும் நிதியை ஒதுக்கியது. பிள்ளையின் நலம் கருதித் தோன்றிய ஒரு தொழில் வேறொரு தேவைக்காக விரிந்தது என்றாலும், அந்நிதியால் பல்கலைக்கழகங்களில் முறையான முதுநிலைப் பயிற்சி வேரூன்றியது.

இந்தியாவிலும் சிந்தனை தாமதமாக வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த, கர்நூலில் பிறந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் பள்ளிகளில் வழிகாட்டுதல் பணி அமைய வேண்டும் என்றும், அதற்கான அலுவலர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்போது தடா சென்னை மாநிலத்தின் ஓர் ஊர். ஆந்திர மாநிலம் பிறக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. 1954இல் நடுவண் அரசு கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கான மையப் பணியகத்தை நிறுவியது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி குழு இன்னும் குறிப்பாக ஒரு கணக்கைச் சொன்னது: பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் வீதம் சுற்றி வரும் பள்ளி ஆலோசகர் இருக்க வேண்டும், எளிய வழிகாட்டுதல் பணிகளில் ஆசிரியர்கள் அவருக்குத் துணை செய்ய வேண்டும் என்பது அதன் குறைந்தபட்சத் திட்டம். அறுபது ஆண்டுகள் கழிந்தபின்னும் தடா போன்ற ஒரு மண்டலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எவரும் முன்வைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

திருப்பதியில் 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அங்கே உளவியல் பேராசிரியராகப் பணியாற்றிய எஸ். நாராயண ராவ், மாணவர்களின் தேர்ச்சியை அவர்களது ஆளுமைக் கூறுகளோடும் படிப்புச் சூழலுக்குப் பொருந்தும் திறனோடும் இணைத்து ஆராய்ந்த நூலை 1967இல் அப்பல்கலைக்கழகமே வெளியிட்டது. மதிப்பெண் குறைவதற்கு அறிவுக் குறைவே காரணம் என்ற பொது நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய வைக்கும் வகை ஆய்வு அது. படிக்கும் பழக்கம், பதற்றம், ஆசிரியரோடுள்ள உறவு, கல்விச் சூழல் பற்றிய மனப்பான்மை ஆகியவற்றை ஆராயத் தக்க பொருள்களாக இவ்வகை ஆய்வுகளே ஆக்கின. 1981இல் வெளிவந்த அவருடைய ஆலோசனை உளவியல் நூல், இந்தியாவின் பல மாநிலங்களில் ஆலோசனைத் துறையின் பாடநூலாகப் பயன்பட்டது. அதன் வழிவந்த பதிப்புகள் இன்றும் கல்வியியல், உளவியல் மாணவர்களின் மேசையில் இருக்கின்றன. நாடெங்கும் ஆலோசகர்கள் படித்த புத்தகம் தடாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் எழுதப்பட்டது என்பதும், அந்தப் புத்தகத்தைப் படித்துத் தேர்ந்த ஓர் ஆலோசகரை இவ்வட்டாரத்தின் சாதாரணப் பள்ளிப் பிள்ளை சந்திக்கும் வாய்ப்பு அரிது என்பதும் ஒருசேர நினைக்கப்பட வேண்டியவை.

அறிவு இருந்தும் அது பள்ளிக்கு வந்து சேராததற்கு முதற்காரணம் பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் உளவியல் முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். வளர்ச்சி உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், புள்ளியியல், உளவியல் அளவீடு ஆகியவற்றோடு ஆலோசனை உளவியல் ஒரு தாளாகவோ சிறப்புப் பிரிவாகவோ அமைகிறது. கல்வி உளவியலோ பெரும்பாலும் கல்வியியல் துறைக்குரிய பாடமாக, பி.எட்., எம்.எட். படிப்புகளுக்குள் குழந்தையின் வளர்ச்சி பற்றிய தாளாக இருக்கிறது. ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் இரு துறைகளும் இருந்தாலும், ஒரு துறை மாணவர் மற்றொரு துறையின் வகுப்பில் அமரும் வழக்கம் குறைவு. உளவியல் மாணவர் பள்ளியை அறியாமலும், கல்வியியல் மாணவர் ஆலோசனைத் திறனைப் பெறாமலும் வெளியேறுகின்றனர்.

செய்முறைத் தாளை அருகில் சென்று பார்த்தால் குறை இன்னும் தெளிவாகும். உளவியல் ஆய்வகத்தில் மாணவர் செய்யும் மரபான சோதனைகளில் ஒன்று, அம்புமுனைகள் உள்நோக்கியும் வெளிநோக்கியும் வரையப்பட்ட இரண்டு கோடுகளில் எது நீளம் என்று மதிப்பிடச் சொல்லும் முல்லர்-லையர் தோற்றமயக்கம். மற்றொன்று, கையை மறைத்துவிட்டுக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் விளிம்பை வரையச் செய்யும் சோதனை. சோதிக்கப்படுபவர் பெரும்பாலும் பக்கத்து இருக்கை வகுப்புத் தோழர். முடிவுகளை அட்டவணையிட்டு, நோக்கம், கருவி, நடைமுறை, விளக்கம் என்ற வரிசையில் ரெக்கார்டு நோட்டில் எழுதி, ஆசிரியரின் கையொப்பம் பெற்றுத் தேர்வில் காட்ட வேண்டும். அறிவியல் முறையில் சிந்திக்கக் கற்பிக்கும் இப்பயிற்சியின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அழுதுகொண்டு வந்து நிற்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு அடுத்த நாற்பது நிமிடங்களை எவ்வாறு கழிப்பது என்பதை எத்தனை ரெக்கார்டு நோட்டுகள் எழுதினாலும் கற்க முடியாது.

அமெரிக்காவில் ஆலோசகர் பயிற்சித் திட்டங்களுக்கு ஏற்பளிக்கும் அமைப்பு இந்த இடத்தில் கண்டிப்பான கணக்கு வைத்திருக்கிறது. முதுநிலை மாணவர் முதலில் 100 மணி நேர முன்களப் பயிற்சியை முடிக்க வேண்டும், அதில் 40 மணி நேரமாவது ஆலோசனை நாடுவோரோடு நேரடியாகச் செலவிடப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் 600 மணி நேரக் களப்பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடிப் பணி. இக்காலம் முழுவதும் வாரந்தோறும் மேற்பார்வையாளர் ஒருவரோடு அமர்ந்து, செய்ததை மீளப் பார்க்க வேண்டும். பள்ளி உளவியலாளருக்கு அங்குள்ள தேசியச் சங்கம் விதிப்பது 1,200 மணி நேரக் களப்பயிற்சி, அதில் பாதியாவது பள்ளிக்குள். எண்களை அப்படியே இங்கு நடுவதற்காக இவை சொல்லப்படவில்லை. பயிற்சியின் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டவே சொல்லப்படுகின்றன.

மேற்பார்வை என்ற சொல் இங்கு அலுவலகக் கண்காணிப்பைக் குறிப்பதில்லை. பயிற்சி பெறுபவர் ஒரு பிள்ளையோடு நடத்திய உரையாடலை, நினைவிலிருந்தோ உரிய இசைவுடன் செய்த ஒலிப்பதிவிலிருந்தோ சொல்லுக்குச் சொல் எழுதி வந்து, அனுபவம் மிக்கவர் முன்னிலையில் வரிவரியாகப் பார்ப்பதே அதன் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக, தாய் ஆலையில் இரவுப் பணிக்குச் செல்லும் வீட்டைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமியை, வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியர் அனுப்பியிருப்பதாகக் கொள்ளலாம். “அம்மா நைட் ஷிஃப்ட் போயிடுவாங்க மேடம். தம்பி ராத்திரியெல்லாம் எழுந்து அழுவான்” என்கிறாள் சிறுமி. “கவலப்படாதம்மா, நேரத்துக்குத் தூங்கி எழுந்து நல்லாப் படிக்கணும்” என்கிறார் பயிற்சி மாணவி. “சரி மேடம்” என்ற இரண்டு சொற்களோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் கோடிட்டுக் காட்டுவது அந்த இடத்தைத்தான்: சிறுமி திறந்த கதவை, நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரையே மூடிவிட்டது. “அம்மா இல்லாத ராத்திரியில தம்பியப் பாத்துக்கறது நீதானா?” என்று கேட்டிருந்தால், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், இரவில் அவளுக்குப் பயமாக இருக்கிறதா, சாப்பாடு யார் செய்கிறார்கள், பள்ளியை விட்டு நிற்கும் எண்ணம் உள்ளதா என்பவை ஒவ்வொன்றாக வந்திருக்கக்கூடும். பெரியவர் பேசப் பிள்ளை தலையாட்டும் வழக்கம் ஊறிய நம் சமூகத்தில் இந்தப் பழக்கத்தை மாற்றப் பாடநூல் போதாது. பலமுறை பிழை செய்து, பலமுறை திருத்தப்பட்டு, பொறுத்திருந்து கேட்கும் காது வளர வேண்டும்.

உரையாடலைப் போலவே சோதனைக் கருவிகளும் பயிற்சியின் குறையை வெளிப்படுத்துகின்றன. இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளின் நுண்ணறிவை அளக்க நெடுங்காலமாகப் பயன்படுபவை வி.வி. காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் தகவமைத்த பினே சோதனை, சி.எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயல்திறன் சோதனைத் தொகுதி, ஏ.ஜே. மாலின் நாகபுரியில் உருவாக்கிய இந்தியக் குழந்தைகளுக்கான அளவுகோல் ஆகியவை. எந்தச் சோதனைக்கும் ஒப்பளவு என்று ஒன்று உண்டு. ஒரு வயதுப் பிள்ளைகள் பலரிடம் சோதனையை நடத்திப் பெற்ற சராசரியும் பரவலும் அது. தனிப் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குப் பொருள் கிடைப்பது அந்த ஒப்பளவோடு வைத்துப் பார்க்கும்போதுதான். பாட்டியாவின் தொகுதி எழுத்தறிவில்லாத பிள்ளைகளையும் மனத்தில் கொண்டு, கட்டைகளை அடுக்குதல், படத்துண்டுகளை இணைத்தல் போன்றவற்றால் அமைந்தது என்பது அதன் பெருமை. ஆனால் அதன் ஒப்பளவு உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளிடமிருந்து பெறப்பட்டது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இன்று வளரும் பிள்ளையை அரை நூற்றாண்டுக்கும் முந்திய, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பிள்ளைகளோடு ஒப்பிடுகிறோம் என்ற உணர்வு சோதனை நடத்துபவருக்கு வேண்டும்.

மொழியின் பங்கு இன்னும் நுட்பமானது. எண்களை நொடிக்கு ஒன்றாகப் படித்துக் காட்டி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் செய்யும் ‘எண் நினைவு’ச் சோதனை மொழியைச் சாராதது போலத் தோன்றும். 1980இல் என்.சி. எல்லிஸ், ஆர்.ஏ. ஹென்னலி ஆகியோர் வேல்சு நாட்டு இருமொழியாளரிடம் நடத்திய ஆய்வு, வேல்சு மொழியில் எண்ணுப் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் ஆவதால், அம்மொழியில் நினைவில் நிற்கும் எண்களின் தொகை குறைகிறது என்று காட்டியது. அவர்களின் நினைவாற்றல் அதேதான்; சோதனை நடந்த மொழி மாறியதும் மதிப்பெண் மாறிவிட்டது. வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கு வழிப் பள்ளியில் பயின்று, ஆங்கில வழிக்கு மாற்றப்பட்ட பிள்ளைக்கு எந்த மொழியில் எண்களைப் படித்துக் காட்டுவது என்ற கேள்விக்குச் சோதனைக் கையேடு விடை சொல்வதில்லை. பயிற்சி பெற்ற மனிதர்தான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் அளிக்கும் அறிக்கையில் ‘மந்தமான கற்றல்’ என்ற குறிப்பு ஏறிவிட்டால், அது அந்தப் பிள்ளையைப் பள்ளிக் காலம் முழுவதும் தொடரும். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டு, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி திறந்திருப்பதால், தவறான கணிப்பு உரியவருக்கு உரிமையை மறுக்கவும் செய்யும்.

தடாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியரோ பட்டதாரியோ முறையாகப் பயில விரும்பினால் உள்ள வழிகளில் குறிப்பிடத் தக்கது, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு நடத்தும் வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பு. தென் மாநிலங்களுக்கான அதன் மண்டலக் கல்வி நிறுவனம் மைசூரில் இருக்கிறது. முதல் ஆறு மாதங்கள் தொலைநிலையில் கோட்பாடு, அடுத்த மூன்று மாதங்கள் நிறுவனத்திலேயே தங்கி நேர்முகப் பயிற்சி, கடைசி மூன்று மாதங்கள் சொந்த ஊரில் களப்பயிற்சி என்ற அதன் அமைப்பு, பணியிலுள்ள ஆசிரியரை ஊரிலிருந்து வேரோடு பெயர்க்காமல் பயிற்றுவிக்கிறது. இத்தொடரின் பார்வையில் நாட்டின் பிற ஏற்பாடுகள் பார்த்துக் கற்க வேண்டிய வடிவம் அது. மறுபுறம், கேந்திரிய வித்யாலயாக்கள் ஆண்டுதோறும் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகரை அமர்த்த வெளியிடும் அறிவிப்புகளில் கேட்கப்படும் அடிப்படைத் தகுதி உளவியலில் இளநிலைப் பட்டமும் ஆலோசனையில் ஒரு பட்டயச் சான்றும். கல்வியாண்டு முடிந்ததும் பணியும் முடிகிறது. பிள்ளைகள் ஒருவரை நம்பிப் பேசத் தொடங்கும் நேரத்தில் அவர் விடைபெறுகிறார்.

சட்டமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், உளவியலாளரையும் சில வகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பள்ளி ஆலோசகர் என்ற பெயர் அதில் தனித்து இடம்பெறவில்லை. அச்சட்டத்தின் கீழ் வரும் உளவியல் போன்ற படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்தது. கைப்பழக்கம் தேவைப்படும் தொழிலை அஞ்சலில் கற்பிக்க இயலாது என்ற காரணம் நியாயமானதே. ஆயினும் சிற்றூர்ப் பெண்களும் வேலைக்குச் செல்வோரும் உளவியலில் முதுநிலை பெறத் தொலைநிலைக் கல்வியே நெடுங்காலமாக வழியாக இருந்தது. அந்த வழி அடைபடும்போது மைசூர்ப் பட்டயம் போன்ற கலப்புமுறைப் படிப்புகளைத் திருப்பதியிலும் சென்னையிலும் திறக்காவிட்டால், ஆலோசகர்கள் பெருநகரத்து வசதியான குடும்பங்களிலிருந்து மட்டுமே வருவார்கள். அவர்கள் தடாவுக்கு வருவது இன்னும் அரிதாகும்.

ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசகராக்கிவிடலாம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்கிறது. இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று: மதிப்பெண் இடுபவரிடமும் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமும் பிள்ளை எதையும் மனம்விட்டுச் சொல்லாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதற்கு ஈழத்தின் அனுபவம் சான்றாக இருக்கிறது. போரால் சிதைந்த யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் முயற்சியாலும், ‘சாந்திகம்’ நிறுவனத்தின் பணியாலும், அங்கு ‘உளவளத்துணை’ எனப்படும் ஆலோசனைப் பயிற்சி தமிழிலேயே வளர்ந்தது. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து பயிற்றுவிக்கப்பட்ட ஆசிரிய ஆலோசகர்கள் போர்ப் பகுதிப் பள்ளிகளில் 420 பிள்ளைகளை நேர்கண்டு செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. நான்கில் ஒரு பிள்ளை பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீட்டின் இலக்கணத்துக்குள் வந்தது என்று அது கண்டது. அந்த ஆசிரியர்கள் பிள்ளைகளின் மொழியைப் பேசினார்கள், அதே இழப்புகளை அறிந்திருந்தார்கள், எழுந்த ஐயங்களை எடுத்துச் செல்ல அவர்களுக்கு மேலே வல்லுநர் இருந்தார். இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் பெற்றுத் தனித்து விடப்படும் ஆசிரியருக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தமிழ்நாடு 2013இல் தொடங்கிய நடமாடும் ஆலோசனை மையங்கள் உளவியலாளரை வாகனத்தில் பள்ளிகளுக்கு அனுப்பின. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், நாடு முழுவதும் 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும் அவசர வேளையில் பயனுள்ளவை. ஆனால் பல மாவட்டங்களுக்கு ஒரு வாகனம் என்ற அளவில் ஒரு பிள்ளையை மீண்டும் மீண்டும் சந்திப்பது இயலாதது. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் அந்த வகுப்பறையைப் பார்க்க முடியாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், தடாவுக்கு வேண்டியது கோத்தாரி குழுவின் பழைய கணக்கும் யாழ்ப்பாணத்தின் அனுபவமும் இணைந்த ஓர் ஏற்பாடு. பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராகத் தெலுங்கும் தமிழும் பேசத் தெரிந்த, நிலையான பணியிலுள்ள ஆலோசகர் ஒருவர். ஒவ்வொரு பள்ளியிலும் அவருக்குத் துணையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர். திருப்பதிப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் முழுவதையும் இப்பள்ளிகளில் கழித்து, வாரம் ஒருமுறை தம் உரையாடல் பதிவுகளோடு மேற்பார்வையாளர் முன் அமர்தல். மாணவருக்குக் களம் கிடைக்கும், பள்ளிக்கு ஆள் கிடைக்கும், பல்கலைக்கழகத்துக்கு இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கே உரிய ஒப்பளவுகளை உருவாக்கத் தரவும் கிடைக்கும். புதிய கட்டடமோ புதிய துறையோ இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது மேற்பார்வைக்குச் செலவாகும் நேரத்தைப் பேராசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கும் ஒரு விதி. இன்று அந்த நேரம் எந்த ஏட்டிலும் ஏறாததால்தான் அது நடப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் கடினமான பகுதி ஒன்று உண்டு. பிள்ளை சொன்னதை வெளியில் சொல்லாமல் காப்பது ஆலோசகரின் முதற்கடமை. ஆனால் பாலியல் குற்றம் நிகழ்ந்ததாக அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு எவருக்கும் விலக்கின்றி விதிக்கிறது. எதைக் காப்பேன், எதைக் காக்க இயலாது என்பதை முதல் சந்திப்பிலேயே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆலோசகர் கற்றிருக்க வேண்டும். சிற்றூரில் பிள்ளையின் உறவினர், ஆசிரியர், ஊர்ப் பெரியவர் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் இது நகரத்தைவிடப் பன்மடங்கு சிக்கலாகிறது. மறைகாப்பும் அதன் எல்லைகளும் பயிற்சி வகுப்பில் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பது அடுத்த வாரப் பகுதிக்குரிய பொருள்.